வே வரிசை

கோத்தகிரியில் ஜூலை மாதம்
காகிதம் காய்வதில்லை.
பதிவறையில் ஒரு குண்டு பல்பு
பகலெல்லாம் எரியும், பூஞ்சைக்காக.
வெளிச்சம் எனக்கு உபரி.

ஹைஃபாவிலிருந்து வந்தவள், பெயர் தாமர்.
கம்பளித் தொப்பி சொட்டச் சொட்ட
ஒரு பெயரை எழுதி நீட்டினாள்.
எமில் வைன்ட்ராவுப். பிரெஸ்லாவ் நகரத்துப் பல் டாக்டர்.
அம்மாவின் பெரியப்பா.
முப்பத்தொன்பதில் கப்பல் ஏறினார்,
நாற்பத்தாறில் இந்த ஊர் முத்திரையோடு ஒரு கடிதம்,
அப்புறம் ஒன்றுமில்லை.

மனு எழுதச் சொன்னேன்.
'உறவுமுறை' என்ற கட்டத்தின் மேல்
வெகுநேரம் பேனா நின்றது.

ஊட்டி நூலகத்தில் பார்த்தாயிற்றாம்,
உறுப்பினர் ஏட்டில் இல்லை.
(யாரை உறுப்பினராக்கலாம் என்பதற்கு
அந்நாளில் வேறொரு ஏடு இருந்திருக்கும்.)
குன்னூர் சர்ச்சில் அடக்கப் பதிவேட்டைக் காட்டி
நல்ல டீயும் கொடுத்தார்களாம்.
அவர் அங்கே இருக்க நியாயமில்லை என்று தெரிந்தே
கடைசிப் பக்கம்வரை படித்திருக்கிறாள்.
சென்னை ஆவணக் காப்பகத்தில் ஓர் அரைத்தாள்:
ஜெர்மனி துரத்திய ஆளை
ஜெர்மன்காரர் என்று இங்கே பிடித்து
பதினோரு மாதம் கழித்து
'ஆபத்தில்லாதவர்' என்று விட்டிருக்கிறார்கள்.

டவுன் அட்டவணை ஆங்கில எழுத்து வரிசை.
டபிள்யூவில் இல்லை. வியில் இல்லை.
எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டாள்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது:
டவுனுக்கு வெளியே செத்தால்
எழுதுகிறவர் மணியக்காரர்.
அவர் காதில் விழுந்ததை,
தமிழில்.

கிராமக் கட்டுகளை அவிழ்த்தோம்.
ராமபாணப் பூச்சி சில குடும்பங்களுக்குள்
நேராகத் துளைத்துப் போயிருந்தது.
நான் வாய்விட்டுப் படித்தேன்,
அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.
வெள்ளச்சி. வெள்ளிங்கிரி. பெண் குழந்தை, பெயரில்லை.
வேங்கையன்.
வேந்தரப்பா.

"இன்னொரு முறை" என்றாள்.

வேந்தரப்பா. ஆண். வயது சுமார் அறுபது.
தொழில் பல் பிடுங்குதல். காய்ச்சல்.
1951, ஆவணி.
இந்து, முகமதியர், கிறிஸ்தவர்
மூன்றிலும் கோடு போடாமல்
ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தது:
சனிக்கிழமைக்காரர்.

மொழிபெயர்த்துச் சொன்னதும் சிரித்தாள்.
சிரிப்பு நிற்கவில்லை.
நான் எழுந்து, தேவையில்லாமல்,
பல்பைத் துடைத்தேன்.

மணியக்காரர் ஜோகி கவுடருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?
ஒரு சனிக்கிழமை பல்வலியோடு போயிருப்பார்.
கதவு திறந்திருக்காது.
தாடையைப் பிடித்துக்கொண்டு
அந்தி சாய்கிறவரை வாசலில் உட்கார்ந்து
அவர் கற்ற வேதம் அது.
ஒரு சொல்லும் தப்பில்லை.

'அடக்கம்: சீகைக் காட்டுக்கு மேலே.'
அந்தச் சீகைகளை எழுபதுகளிலேயே
வெட்டிவிட்டார்கள் என்றேன்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பெயர்த் திருத்தத்துக்குப் படிவம் இருக்கிறது.
இறந்தவரை நேரில் அறிந்த சாட்சிகள் இருவர் வேண்டும்,
உயிரோடு.
படிவத்தை மடித்து என்னிடமே தந்தாள்.
"நகலில் பெயரை எப்படிப் போட?"
"உள்ளபடி."

கையெழுத்திட்ட பிறகு
அந்த முதல் எழுத்தைக் கேட்டாள்.
மனுவின் பின்பக்கத்தில், பழக்கத்தில்,
வலப்பக்கமிருந்து தொடங்கினாள்.
கொம்பை முதலில் எழுத வேண்டும் என்றேன்,
ஆனால் அதன் ஒலி பின்னால்தான் வரும்.
"எவ்வளவு பின்னால்?" என்று கேட்டாள்.
எனக்குப் பதில் தெரியவில்லை.
மூன்றாவது தடவை சரியாக வந்தது.

அவள் பஸ் ஏறிய பிறகு
டவுன் அட்டவணையை எடுத்து
டபிள்யூ பக்கத்தின் அடியில்
பென்சிலால் எழுதிவைத்தேன்:
வைன்ட்ராவுப். வே வரிசை பார்க்க.
விதிப்படி அழித்துவிட வேண்டியதுதான்.
எங்கள் ஆபீசுக்கு ரப்பர் சப்ளை ஆகி
இரண்டு வருஷமாகிறது.